கரியர் பூட்டினால் சைக்கிளின் வேகம் குறையுமா?

(இரத்மலானையில் தொழில் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

நாங்கள் கூட்டம் போட்டால் வழக்கமாக என்ன பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுங்கள், சம்பள நாளில் சாராயக் கடைப் பக்கம் போகாதீர்கள். இவற்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவோம். இன்றைக்குச் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. இதுவும் நலன்புரி விஷயம்தான். கையும் காலும் நல்லபடியாக இருந்தால்தானே வேலைக்குப் போகலாம், வீட்டுக்குக் காசு அனுப்பலாம்?

லயத்திலிருந்து இரத்மலானைக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள் பலர் இங்கே சைக்கிள் வைத்திருக்கிறார்கள். போர்டிங்கிலிருந்து பெக்டரிக்குப் போக, கடைக்குப் போக, லீவு நாளில் வெள்ளவத்தைக்குப் போய் வர எல்லாவற்றுக்கும் அதுதான். பஸ் காசு மிச்சம். நேரம் மிச்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பேச்சு பிள்ளைகள் மத்தியில் நடமாடுகிறது. "கரியர் பூட்டினால் சைக்கிள் ஓடாது, இழுக்கும், அதைக் கழற்றி வீசினால் பறக்கும்" என்கிறார்கள். அதை நம்பிச் சில பேர் கரியரைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டு விட்டார்கள். பிறகு சாப்பாட்டுப் பை ஹேண்டிலில் தொங்குகிறது. அரிசிப் பையும் ஹேண்டிலில் தொங்குகிறது. இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பந்தயச் சைக்கிளும் நம் சைக்கிளும்

இந்த எண்ணம் எங்கேயிருந்து வந்தது? தொலைக்காட்சியில் காட்டும் சைக்கிள் பந்தயத்திலிருந்துதான். பிரான்ஸ் நாட்டில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சைக்கிள்களில் கரியர் இல்லை, மட்காட் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, மணி கூட இல்லை. 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளில் யாரும் ஓடக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இன்னும் குறைத்து விடுவார்கள். அவர்களுக்கு ஒரு செக்கன் முந்தினாலும் பரிசு.

நம்ம சைக்கிள் அப்படியா? பழைய ராலி, ஹம்பர் மாதிரியான கனத்த இரும்புச் சைக்கிள் ஏறக்குறைய 18, 20 கிலோ இருக்கும். அதில் ஓட்டுகிற ஆள் 55 கிலோ என்று வைத்துக் கொள்வோம். இரண்டையும் சேர்த்தால் 75 கிலோ. கரியரின் பாரம் எவ்வளவு? சாதாரண இரும்புக் கரியர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலின் பாரம்! 75 கிலோவோடு 1 கிலோ சேர்ந்து 76 ஆகிறது. இந்த ஒரு கிலோவுக்கா சைக்கிள் நின்றுவிடப் போகிறது?

சைக்கிளைப் பிடித்து இழுக்கும் மூன்று கைகள்

கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. காலையில் மலைக்குப் போகும்போது வெறுங்கூடை முதுகில் இருக்கிறது. அது உங்கள் நடையைக் குறைக்கிறதா? இல்லை. மத்தியானம் கொழுந்து நிறைந்த பிறகு? அப்போது பாரம் தெரியும். அதிலும் றோட்டில் நடக்கும்போது ஒரு மாதிரி, மலை ஏறும்போது வேறு மாதிரி. மழையில் நனைந்த கொழுந்தென்றால் சொல்லவே வேண்டாம். கரியர் என்பது வெறுங்கூடை. அதில் ஏற்றுகிற சாமான்தான் கொழுந்து. கூடையையும் கொழுந்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சைக்கிளைப் பின்னுக்குப் பிடித்து இழுப்பவை மூன்று. முதலாவது, டயர் தரையில் நசுங்கி உருளும்போது வரும் தடை. பாரம் கூடினால் இதுவும் அதே விகிதத்தில் கூடும். இரண்டாவது, காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்காகும். மூன்றாவது, ஏற்றம். ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவையும் நம் கால்தான் மேலே தூக்க வேண்டும்.

சம தரையில் மூன்றாவது கை இல்லை. மெதுவாகப் போனால் டயர்த் தடை பெரிது, விரைவாகப் போனால் காற்றுத் தடை பெரிது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சாதாரண சைக்கிளுக்கு இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. காற்றுக்குக் கரியரின் பாரம் தெரியாது. கரியர் நம் முதுகுக்குப் பின்னால் மெல்லிய கம்பியாக இருப்பதால் காற்று அதில் பெரிதாக மோதுவதுமில்லை.

கணக்கு இதுதான்

இரத்மலானை சமதரை ஊர். விமானம் இறங்கத் தோதான தரை என்றுதான் இங்கே விமான நிலையம் அமைத்து, 1935ஆம் ஆண்டு முதல் விமானத்தை இறக்கினார்கள். இங்கிருந்து காலி வீதியில் கல்கிசை, தெஹிவளை தாண்டி வெள்ளவத்தைக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். நிற்காமல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 24 நிமிடம் ஆகும். காலில் அதே பலத்தைப் போட்டு மிதித்தால் நேரம் எப்படி மாறும் என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு ஆள், சைக்கிளுக்குச் சைக்கிள் கொஞ்சம் வித்தியாசப்படும். ஆனால் பெரிய படம் மாறாது.

வெறும் கரியர் பூட்டினால் கூடுவது 5 செக்கன் அளவு.

கரியரில் 20 கிலோ சாமான் ஏற்றினால் கூடுவது ஒன்றரை நிமிடம் அளவு.

கரியரே இல்லாமல், டயரில் காற்றுக் குறைந்து டயர்த் தடை ஒன்றரை மடங்கானால் கூடுவது 3 நிமிடம்.

எதிரே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் கூடுவது 10 நிமிடம்.

பார்த்தீர்களா? கரியரைக் கழற்றி மிச்சம் பிடிப்பது ஐந்து செக்கன். பம்ப் எடுத்துக் காற்று அடித்தால் மிச்சம் மூன்று நிமிடம். எது புத்தியான வேலை? மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வீசும்போது, வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைப் பக்கம் திரும்பி வருபவனுக்கு அது எதிர்க்காற்று. அன்றைக்குச் சைக்கிள் இழுத்தால் கரியரைத் திட்டி என்ன பிரயோசனம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலி வீதியில் நிற்காமல் யார் போகிறார்கள்? சிக்னல், மஞ்சள் கடவை, பஸ் தரிப்பு என்று நின்று நின்றுதான் போகிறோம். ஒவ்வொரு தடவையும் நின்ற சைக்கிளை மறுபடி கிளப்பப் பலம் வேண்டும். வெறும் கரியரால் இது தெரியாது. 20 கிலோ ஏற்றினால் கிளப்புவதற்குக் கால்பங்கு பலம் கூட வேண்டும். அதனால்தான் சாமானோடு வரும்போது காலில் அலுப்புத் தெரிகிறது.

மலையில் கணக்கு வேறு

இப்போது ஊரிலிருந்து வந்திருக்கும் தகப்பன்மார் கேட்பீர்கள், "இங்கே சரி, நம்ம தோட்டத்து றோட்டில் எப்படி?" என்று. நியாயமான கேள்வி. இரத்மலானை கடல் மட்டத்தோடு கிடக்கிற ஊர். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு ஊருக்கும் ஒரே கணக்கு சரிவராது.

20 அடி போனால் 1 அடி ஏறுகிற றோட்டை எடுப்போம். நம் தோட்டங்களில் இது ஏற்றமே இல்லை என்பீர்கள். அப்படியான றோட்டில் 1 கிலோமீட்டர் ஏற ஒருவருக்கு 9 நிமிடம் ஆகிறது என்றால், கரியர் பூட்டினால் ஏழு செக்கன் கூடும். அதுவும் ஒன்றுமில்லை. ஆனால் 20 கிலோ ஏற்றினால் இரண்டே கால் நிமிடம் கூடும். சமதரையில் 6 கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம். இங்கே ஒரே கிலோமீட்டருக்கு இரண்டே கால் நிமிடம்! இன்னும் செங்குத்தான றோட்டில் மிதிக்கவே முடியாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதற்காக வெட்கப்பட வேண்டாம். 1954ஆம் ஆண்டு வியட்நாம் நாட்டில் தியன் பியன் பூ என்ற இடத்தில் நடந்த போரின்போது, மலைப்பாதையில் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் அரிசியும் தளபாடமும் கட்டிக் கொண்டுபோனார்கள். அவர்களும் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டிலில் தடி கட்டிப் பக்கத்தில் நடந்து தள்ளித்தான் போனார்கள்.

ஆகவே கதை இவ்வளவுதான்: மலையானாலும் சமதரையானாலும் கரியர் குற்றவாளி இல்லை. சுமை சமதரையில் கொஞ்சம் எடுக்கும், மலையில் நிறைய எடுக்கும்.

அப்படியானால் ஏன் இழுக்கிறது?

"நீங்கள் கணக்குச் சொல்லுங்கள் ஐயா, ஆனால் கரியர் பூட்டிய அன்றிலிருந்து என் சைக்கிள் இழுக்கத்தான் செய்கிறது" என்று சில தம்பிமார் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் வேறு.

பல சைக்கிள்களில் கரியரின் கால் கம்பியைப் பின்சில்லு அச்சின் நட்டோடு சேர்த்துத்தான் பூட்டுவார்கள். அதற்கு நட்டை இளக்க வேண்டும். இளக்கினால் பின்சில்லு இடம் மாறும். மறுபடி இறுக்கும்போது சில்லு நேராக நிற்காவிட்டால் ஒரு பக்கம் பிரேக் கட்டையில் உரசும், அல்லது மட்காட்டில் உரசும். செயின் அளவுக்கு மிஞ்சி இறுகினாலும் இழுக்கும். கரியரை அமத்திப் பூட்டினால் மட்காட் வளைந்து டயரில் தேயும். சைக்கிளை இழுப்பது கரியரின் ஒரு கிலோ இல்லை, இந்த உரசல்தான்.

சோதித்துப் பார்ப்பது மிக லேசு. கரியரைப் பூட்டியவுடன் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சில்லைக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். சத்தமில்லாமல் நிறையச் சுற்றுச் சுற்றி மெல்ல மெல்ல நின்றால் சரி. "சர் சர்" என்று கேட்டாலோ, இரண்டு மூன்று சுற்றில் நின்றாலோ உரசல் இருக்கிறது. செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் அளவு அசைய வேண்டும். சைக்கிள் கடைக்காரர் காசு வாங்குவதற்கு முன்னால் இதை அவரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கரியரில் ஓடிய வாழ்க்கை

கரியரை இளப்பமாக நினைப்பவர்கள் நம் நாட்டுக் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல் கொண்டுபோவது தடைப்பட்டது. அங்கே சனங்களைக் காப்பாற்றியது சைக்கிள். விறகு கரியரில் போனது. மரக்கறி மூட்டை கரியரில் போனது. நோயாளிகளைக் கூடக் கரியரில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பாயும் பானையும் கரியரில்தான் போயின. யாழ்ப்பாணம் தட்டையான பூமி. தட்டையான பூமியில் சுமை ஏற்றிய சைக்கிள் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கற்பித்தபோது, பெண்களுக்குச் சைக்கிளும் சேர்த்துப் பழக்கினார்கள். ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். கல் உடைக்கிறவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள். கரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டினார்கள், விளைந்ததைக் கட்டிச் சந்தைக்குப் போனார்கள், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, வீட்டு ஆம்பிளையின் கையைப் பார்த்திருக்கவில்லை. இங்கே தைக்கிற வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமார் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்று ஊரில் கேட்டால், புதுக்கோட்டையைச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2022ஆம் ஆண்டை நாம் மறக்க முடியுமா? அந்த வருஷம் ஜூன் 27ஆம் திகதி நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பில் காரில் போன பெரிய மனிதர்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். கடைகளில் சைக்கிள் முடிந்து போனது, விலை ஏறியது. அந்த நாட்களில் கேஸ் சிலிண்டரையும், விறகையும், அரிசியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது எது? பந்தயச் சைக்கிளா? கரியர் பூட்டிய சைக்கிள்தான்.

கரியரில்லாத சைக்கிள் ஓர் ஆளை மட்டும் கொண்டுபோகும். கரியருள்ள சைக்கிள் ஒரு குடும்பத்தின் தேவையைக் கொண்டுபோகும்.

உண்மையான ஆபத்து எங்கே?

வேகத்தைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகள் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்குக் கவலைப்படுவதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

முதலாவது, ஹேண்டிலில் தொங்கும் பை. ஒரு பக்கம் பை தொங்கினால் ஹேண்டில் அந்தப் பக்கம் இழுக்கும். திருப்பும்போது பை ஆடி முன்சில்லுக் கம்பிக்குள் போனால், முன்சில்லு அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்சில்லு மேலே கிளம்பி ஆள் தலைகுப்புற விழுவார். பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஐந்து செக்கனை மிச்சம் பிடிக்கப் போய் ஓர் உயிரைச் செலவு செய்யலாமா?

இரண்டாவது, பிள்ளையின் கால். கரியரில் சின்னப் பிள்ளையைச் சும்மா உட்கார வைத்துக் கொண்டுபோகும்போது, கால் தொங்கி ஆடிப் பின்சில்லுக் கம்பிக்குள் போய்விடும். குதிகால் கிழியும், சில வேளை எலும்பும் உடையும். குதிகால் தோல் சேதமானால் ஆற மாதக்கணக்காகும். தாய்மாரே, பிள்ளைக்குக் கால் வைக்க மிதியும், சில்லை மூடுகிற மறைப்பும், முதுகுக்குச் சாய்வும் உள்ள ஆசனம் கரியரில் பூட்டாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். தூங்கி விழுகிற பிள்ளையை ஏற்றவே வேண்டாம்.

மூன்றாவது, சால்வையும் முந்தானையும். கரியரில் பக்கமாக உட்கார்ந்து போகும்போது தொங்குகிற துணி சில்லில் சுற்றினால் கழுத்தை இறுக்கும். வேலைக்குப் போகும் தங்கச்சிமார் சால்வையை முன்னால் எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள்.

நாலாவது, பிரேக். சுமை கூடினால் நிற்கும் தூரமும் கூடும். வேகம் கூடினால் இன்னும் கூடும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போனதைவிட 20இல் போகும்போது அடக்க வேண்டிய பலம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. பழைய சைக்கிள்களில் பளபளக்கும் இரும்பு ரிம் இருக்கும். மழையில் நனைந்தால் அதில் பிரேக் கட்டை வழுக்கும், சட்டென்று பிடிக்காது. தோட்டத்து இறக்கத்தில், மழையில், கரியரில் மூட்டையோடு ஒருவர் இறங்கினால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். அந்த இடத்தில் இறங்கிப் பிடித்துக்கொண்டு நடவுங்கள். ஏறும்போது தள்ளினால் கால் நோகும். இறங்கும்போது தள்ளாவிட்டால் ஆளே போவார்.

சுமை கட்டும் முறை

இனி எப்படி ஏற்றுவது என்று பார்ப்போம். வீட்டில் எல்லோருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

1. கரியரில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பல கரியர்களில் அடித்திருக்கும். 25 கிலோ என்று அடித்திருந்தால் 25 கிலோதான். 50 கிலோ ஆளையோ, முழு அரிசி மூட்டையையோ அதற்குச் சொல்லவில்லை. கனத்த சைக்கிளுக்குத் தடித்த கம்பிக் கரியர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

2. கனமான சாமானைக் கீழேயும், சீட்டுக்குக் கிட்டவும் வையுங்கள். லேசானது மேலே. பாரம் பின்னுக்குத் தள்ளிப் போனால் முன்சில்லு லேசாகி ஹேண்டில் ஆடும். ஏற்றத்தில் முன்சில்லு கிளம்பவும் கூடும்.

3. இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டால் நாள் முழுக்க மற்றப் பக்கம் சாய்ந்து ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் முதுகு நோகும்.

4. பழைய டியூபைப் பட்டியாக வெட்டிக் கட்டினால் நல்லாக இறுகிப் பிடிக்கும். கட்டிய பிறகு மிஞ்சுகிற நுனியைச் செருகி விடுங்கள். தொங்கும் நுனி சில்லில் மாட்டும்.

5. சுமையின் பெரும் பகுதி பின்சில்லில்தான் இறங்கும். ஆகவே பின் டயரில் காற்றுக் கூட இருக்க வேண்டும். டயரின் ஓரத்தில் எவ்வளவு வரை அடிக்கலாம் என்று எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். கிழமைக்கு ஒரு தடவை பம்ப் பிடியுங்கள். பின்சில்லுக் கம்பி ஒன்று உடைந்தால் அன்றைக்கே போடுங்கள். ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பிகளுக்குப் பாரம் கூடும், அவையும் வரிசையாக உடையும்.

6. கரியர் நட்டு, போல்ட் ஓடஓட இளகும். கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். இளகிய கரியர் பின்னுக்குச் சரிந்து சில்லில் விழுந்தால் விபத்துத்தான்.

7. சாமான் பின்னாலுள்ள சிவப்பு விளக்கையும் மின்னுகிற சிவப்புக் கண்ணாடியையும் மறைக்கக் கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லொறிக்காரனின் கண்ணில் நீங்கள் பட வேண்டும்.

8. அகலமான பெட்டியைக் குறுக்கே கட்டாதீர்கள். முதுகுக்குப் பின்னால் அடங்கும் சாமானில் காற்று மோதாது. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் காற்றும் மோதும், பக்கத்தில் போகிற பஸ்ஸும் உரசும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை சைக்கிள் வாங்கக் காசு கேட்டால், "இன்னும் ஒரு செலவா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆனால் சைக்கிளோடு நிறுத்தாமல் நல்ல கரியர், இரண்டு பிரேக், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். "கரியர் வேண்டாம், அசிங்கமாக இருக்கும்" என்று பிள்ளை சொன்னால் இன்றைக்குச் சொன்ன கணக்கைச் சொல்லுங்கள். கரியருக்கு ஐந்து செக்கன், காற்றுக் குறைந்த டயருக்கு மூன்று நிமிடம்.

பிள்ளைகளே, நீங்கள் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்திருப்பது பந்தயம் ஓட இல்லை. இங்கே உங்கள் உடம்புதான் உங்கள் முதல். ஓர் எலும்பு உடைந்து மூன்று மாதம் படுத்தால் சம்பளம் நிற்கும். போர்டிங் வாடகை நிற்காது, ஊரில் அம்மாவின் எதிர்பார்ப்பும் நிற்காது. வெள்ளவத்தைக்கு 24 நிமிடத்தில் போனால் என்ன, 26 நிமிடத்தில் போனால் என்ன? போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து சேர வேண்டும். அதுதான் முக்கியம்.

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் முடிந்து போகும்போது, வெளியே நிற்கிற உங்கள் சைக்கிளின் பின்சில்லைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றிப் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அமத்திப் பாருங்கள். கரியரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பம்ப் ஒன்றும், ஸ்பானர் ஒன்றும் இங்கே மேசையில் வைத்திருக்கிறோம். தேவையானவர்கள் எடுத்துப் பாவியுங்கள். பாவித்த பிறகு மறக்காமல் திருப்பி வையுங்கள்.